முதல் முறை மனநல மருத்துவரிடம் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

முதல் தடவையாக மனநல மருத்துவரைப் பார்க்கப் போகிறவர்களுக்குத் துணையாக அடிக்கடி போகிறேன். நானும் பல வருடமாக மாத்திரை எடுப்பவள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், நன்றாகத் தூங்குங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் செய்துவிட்டு மாதக்கணக்கில் அவதிப்படுகிறார்களே, அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

சோர்வை மட்டும் சொல்லிவிட்டு வருவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

மனம் கீழே கிடக்கும்போதுதான் மருத்துவரிடம் போகிறோம். அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை என எல்லாம் சொல்வார்கள். "இதற்கு நேர்மாறாக எப்போதாவது இருந்ததுண்டா?" என்று மருத்துவர் கேட்டால் மட்டும் "இல்லை டாக்டர்" என்று உடனே பதில் வரும். மூன்று மணி நேரம் தூங்கி, ஒரு வாரம் முழுக்கக் களைப்பே இல்லாமல் ஓடியது, பேச்சை நிறுத்தவே முடியாமல் போனது, கையிலிருந்த பணத்தையெல்லாம் கரைத்தது இதெல்லாம் யாருக்கும் நோயாகத் தெரிவதில்லை. நன்றாக இருந்த காலம் என்றே நினைவில் வைத்திருப்பார்கள்.

நோயின் பெயரையே மாற்றக்கூடிய தகவல் அது. வழக்கத்துக்கு மாறான உற்சாகமோ எரிச்சலோ, தூக்கமே தேவைப்படாத வேகத்தோடு சேர்ந்து தொடர்ந்து 4 நாள் இருந்தாலே ஹைப்போமேனியாவா (மேனியா என்னும் மிதமிஞ்சிய எழுச்சி நிலையின் லேசான வடிவம்) என்று பார்ப்பார்கள். ஒரு வாரம் நீடித்து வாழ்க்கையைக் குலைத்தால் மேனியா. அப்படி வந்துபோனவருக்கு இருப்பது, சோர்வும் இந்த எழுச்சியும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறாக (பைபோலார்) இருக்கலாம். அதற்கு லித்தியம், லாமோட்ரிஜின், குவெட்டியாபின் என்று மருந்தே வேறு. மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு அது மேனியாவைக் கிளப்பிவிடும்.

நான் கூடப் போன ஒரு பையனுக்கு அப்படித்தான் ஆனது. சோர்வு என்று சொல்லி எஸ்சிட்டாலோப்ராம் என்ற மனச்சோர்வு மாத்திரை வாங்கி வந்தான். மூன்றாவது வாரம், விடியற்காலையில் போன். "அக்கா, எனக்குச் சுத்தமா சரியாயிடுச்சு!" ஒரு பேச்சை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவிக்கொண்டே இருந்தான். அதற்குள் வேலையை ராஜினாமா செய்து, தொழில் தொடங்கக் கடன் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. மறுநாள் மருத்துவர் துருவிக் கேட்ட பிறகுதான் அவன் அம்மா வாயிலிருந்து வந்தது: "காலேஜ்லயும் ஒரு தடவை இப்படித்தான் டாக்டர். பத்து நாள் ராத்திரி தூங்காம எதையோ எழுதிக்கிட்டே இருந்தான். நல்லாப் படிக்கிறான்னு நெனச்சேன்." முதல் நாளே அந்த அம்மா கூட வந்திருந்தால் அந்தக் கடன் இருந்திருக்காது.

ஆகவே கூட வாழ்பவர் ஒருவரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். உங்களுக்குத் தெரியாத உங்களை அவர் பார்த்திருப்பார். குடும்பத்தில் இருமுனைக் கோளாறோ தற்கொலையோ இருந்தால் மறைக்காதீர்கள். குடியையும் ஸ்டீராய்டு மாத்திரையையும்கூடச் சொல்லுங்கள். இரண்டுமே மனநிலையைப் புரட்டிப்போடும்.

கேள்வித்தாள் மதிப்பெண்ணை நோயாக எடுத்துக்கொள்வது

மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் பட்டியலான பிஎச்கியூ-9 வெறும் சல்லடை. 27-க்கு எத்தனை வாங்கினாலும், மேனியா வந்ததா என்று அது கேட்பதே இல்லை.

ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது

தைராய்டு சுரப்பு குறைந்தால் சோர்வு, கூடினால் படபடப்பு. முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

பத்தாம் நாளே "கேட்கவில்லை" என்று மாத்திரையை விடுவது

மனச்சோர்வு மாத்திரையில் குமட்டல், வயிற்றுக் கோளாறு, கூடுதல் படபடப்பு எல்லாம் முதலில் வந்துவிடும்; பலன் பின்னால்தான் வரும். 2 முதல் 4 வாரத்தில் லேசாகத் தெரிய ஆரம்பிக்கும். சரியான டோஸில் 6 முதல் 8 வாரம் எடுத்த பிறகே அந்த மருந்தைப் பற்றி முடிவு சொல்ல முடியும். பக்கவிளைவு தாங்க முடியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், டோஸைக் குறைத்துத் தொடங்கலாம்.

அல்பிரசோலம், குளோனசிபாமை இஷ்டத்துக்குத் தொடர்வது

இவை பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரைகள். பதற்றம் சீக்கிரமே அடங்குவதால் கை தானாக அங்கே போகும். சில வாரத்திலேயே உடம்பு பழகிவிடும். அதன்பின் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். "எத்தனை நாளைக்கு டாக்டர்?" என்று முதல் சீட்டு எழுதும்போதே கேளுங்கள்.

நன்றாகிவிட்டது என்று நிறுத்துவது

கூடாது. மனச்சோர்வு குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் மாத்திரையைத் தொடர வேண்டும். பிறகு மருத்துவர் சொல்லும் வேகத்தில் குறைக்க வேண்டும்.

புதிதாக வரும் எண்ணத்தை மறைப்பது

மனச்சோர்வு மாத்திரை தொடங்கும்போதும் டோஸ் மாறும்போதும், முக்கியமாக 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, தற்கொலை எண்ணம் தலைதூக்கலாம். வீட்டில் ஒருவரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அப்படி வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் கிடைக்காவிட்டால் பக்கத்து மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் துணையோடு போங்கள்.