மோவர் டெக்கை சரி பண்றப்போ பெயின்ட் டப்பாவை கடைசியா திறங்க

பழைய கார்டன் டிராக்டர் கைக்கு வந்தா எல்லாரும் இன்ஜினைத்தான் நோண்டுவாங்க, அடியில தொங்குற மோவர் டெக்கை, அதான் புல்லு வெட்டுற பிளேடை மூடியிருக்கிற தகட்டுக் கூட்டை, லேசா தேய்ச்சு பெயின்ட் அடிச்சு மாட்டிக்கலாம்னு விட்டுடுவாங்க. நானும் அப்படித்தான் பண்ணேன், ஒரே சீசன்ல பெயின்ட் அப்பளம் மாதிரி உரிஞ்சு வந்துச்சு.

டெக்ல துரு பெரும்பாலும் அடிப்பக்கத்துலேருந்துதான் அரிச்சுக்கிட்டு வரும், ஈரப்புல்லு அப்பிக்கிட்டு காயாமலே கிடக்குறதால. அதனால மொத்தமா கழட்டி, புல்லை சுரண்டிட்டு, ஸ்பிண்டில், அதான் பிளேடை சுத்த வைக்கிற தண்டு, உக்கார்ற இடத்தை சுத்தி சின்ன சுத்தியலால தட்டிப் பாருங்க. கணீர்னு கேட்டா தகடு நல்லா இருக்கு, சொத்துனு கேட்டா உள்ள ஒண்ணும் மிச்சமில்ல, அங்க பட்டி பூசி ஏமாத்தாதீங்க, வெட்டி எடுத்துட்டு புதுத் தகடு வச்சு வெல்ட் பண்ணுங்க. பேரிங் மாட்டியிருக்கும்போது வெல்டிங் வேணாம், கரண்ட் அது வழியா போச்சுன்னா உள்ள குண்டுல புள்ளி விழுந்துடும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர்ல துடைச்ச இடத்துலயும் வெல்டிங் வேணவே வேணாம், சூட்டுல அது பாஸ்ஜீன்ங்கிற விஷ வாயுவா மாறும், இது விளையாட்டு இல்ல.

சலவைச் சோடா தண்ணியில கரண்ட் விட்டு துரு எடுக்குறவங்க பாசிட்டிவ் பக்கம் சாதா இரும்பையே வைங்க. துருப்பிடிக்காதேன்னு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வச்சா அதுல இருக்கிற குரோமியம் கரைஞ்சு தண்ணியே விஷமாயிடும். ஹைட்ரஜன் வேற கிளம்பும், திறந்த வெளியில பண்ணுங்க.

இப்ப ஸ்பிண்டில். நிறைய டெக்ல 6203 இல்ல 6204 பேரிங்தான் வரும், ஆனா பழசுல இருக்குற நம்பரைப் படிச்சுட்டு வாங்குங்க. ஹவுசிங்ல, அதான் பேரிங் உக்கார்ற கூட்டுல, இறக்கும்போது வெளி வளையத்தைத்தான் அழுத்தணும், உள் வளையத்துல தட்டினா அந்த அடி குண்டு வழியா போய் புது பேரிங்கே பாழாயிடும். ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல ஒரு குழாய்த் துண்டு, அதான் ஸ்பேசர், இருந்துச்சுன்னா அதைத் தொலைக்காதீங்க. நான் ஒருதடவை அதை குப்பையோட குப்பையா தள்ளிட்டு நட்டை இறுக்கிட்டேன், ஷாஃப்ட் கையால சுத்தவே வரல, புது பேரிங்தானே போகப்போக லூசாகும்னு நானே எனக்கு சமாதானம் சொல்லிக்கிட்டு ஓட்டினேன், கொஞ்ச நேரத்துலயே கிரீஸ் கருகுற வாசனை. ஹவுசிங் உக்கார்ற இடத்துல பெயின்ட் தடிமனா ஏறினாலும் ஸ்பிண்டில் சாஞ்சுடும், அங்க டேப் ஒட்டிட்டு அடிங்க.

பிளேடை தலைகீழா மாட்டுறவங்க நீங்க நினைக்கிறதைவிட ஜாஸ்தி. ரெக்கை மாதிரி வளைஞ்ச பக்கம் டெக்கைப் பாத்து மேல இருக்கணும். சாணை பிடிச்சதும் நடு ஓட்டையில ஆணி விட்டு தொங்கவிடுங்க, ஒரு பக்கம் இறங்கினா அந்தப் பக்கம் இன்னும் தேய்ங்க, இல்லேன்னா அதிர்வுலயே பேரிங் போயிடும்.

பெல்ட் போற வழியை கழட்டுறதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்து வைங்க. டெக்குக்கு கீழ கை விடுறதுன்னா ஸ்பார்க் பிளக் வயரை பிடுங்காம விடாதீங்க.

கடைசியா லெவல். முதல்ல நாலு டயர்லயும் காத்தை சரியா வைங்க, அப்புறம் அளங்க, பொதுவா பிளேடோட முன்முனை பின்முனையைவிட 3லேருந்து 6 மில்லிமீட்டர் தாழ இருக்கும்.