பிஓபி அட்டவணையை மனப்பாடம் செய்யாமல் படிப்பது எப்படி

பன்னாட்டு வாணிபத் தாளில் பொருளாதார அறிஞர் ரிக்கார்டோவின் துணி-ஒயின் உதாரணத்தை வைத்து எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். நம் பிள்ளைகள் சறுக்குவது பேலன்ஸ் ஆஃப் பேமென்ட்ஸில்தான் (பிஓபி), அதாவது நாட்டுக்கும் வெளிநாடுகளுக்கும் இடையிலான வரவு செலவைக் காட்டும் அயல்நாட்டுச் செலுத்துநிலையில். நானும் சறுக்கியவன்தான். அந்நியச் செலாவணிக் கையிருப்பு வரிசையில் கழித்தல் குறியைப் பார்த்ததும் "நாடு டாலரை இழந்தது" என்று எழுதி, ஐந்து மதிப்பெண்ணை நான் இழந்தேன்.

ரிசர்வ் வங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த அட்டவணையை வெளியிடுகிறது. இறக்கிக்கொள்ளுங்கள், ஆனால் உடனே கூட்டுத்தொகைக்குப் போகாதீர்கள். முதலில் ஒரு தாளில் நடுவே கோடு போட்டு ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் பற்று என்று எழுதுங்கள். டாலரை உள்ளே கொண்டுவருவது வரவு, வெளியே அனுப்புவது பற்று, அவ்வளவுதான். திருப்பூரிலிருந்து பனியன் போனால் வரவு, நகைக்கடைக்குத் தங்கம் வந்தால் பற்று. வெளிநாட்டில் கடன் வாங்கினாலும் வரவுதான், அது நல்லதா கெட்டதா என்று அட்டவணை கேட்காது.

அடுத்தது, நடப்புக் கணக்கா மூலதனக் கணக்கா என்பது. இதற்கு நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இதனால் யாருக்காவது பாக்கி நிற்கிறதா? துபாயில் இருக்கும் மாமா வீட்டுச் செலவுக்கு அம்மாவுக்குப் பணம் அனுப்புகிறார், திருப்பிக் கேட்கப்போவதில்லை, அதனால் நடப்புக் கணக்கு. அதே மாமா அதே பணத்தை இங்குள்ள வங்கியில் என்ஆர்இ டெபாசிட்டாக (வெளிநாடுவாழ் இந்தியருக்கான டெபாசிட்) போட்டால், வங்கி அவருக்குக் கடன்பட்டிருக்கிறது, அதனால் மூலதனக் கணக்கு. அந்த டெபாசிட்டுக்கு வங்கி கொடுக்கும் வட்டியோ மறுபடி நடப்புக் கணக்கில், பற்றுப் பக்கம். இந்த மூன்றையும் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் பாதிக் குழப்பம் போய்விடும். (அமெரிக்காவில் படிக்கும் மாணவர் கட்டும் ஃபீஸ் எங்கே போகும்? சேவைகளில், "பயணம்" என்ற தலைப்பின் கீழ். நம்ப முடியாது, ஆனால் அதுதான் விதி.)

பெயர்க் குழப்பம் ஒன்றும் உண்டு. 2009இல் வந்த ஐஎம்எஃப் (பன்னாட்டு நிதியம்) கையேட்டின் ஆறாம் பதிப்புப்படி, நம் பாடநூல்கள் மூலதனக் கணக்கு என்று சொல்வதில் பெரும்பகுதி நிதிக் கணக்கு. ரிசர்வ் வங்கி இரண்டு வடிவத்திலும் தருகிறது. ஒன்றை எடுத்து அதிலேயே நில்லுங்கள், கலக்காதீர்கள்.

சரி, என்னைக் கவிழ்த்த அந்தக் கழித்தல் குறிக்கு வருவோம். 2012-13ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தங்கம் மட்டுமே 5,000 கோடி டாலருக்கு மேல் இறக்குமதி, நடப்புக் கணக்குப் பற்றாக்குறை 8,820 கோடி டாலர், அதாவது ஜிடிபியில் 4.8 சதவீதம். ஆனாலும் கையிருப்பு குறையவில்லை, 380 கோடி டாலர் கூடியது, ஏனென்றால் வெளிநாட்டு முதலீடும் கடனும் பள்ளத்தை நிரப்பிவிட்டன. அந்த 380 கோடி அட்டவணையில் கழித்தல் குறியோடு நிற்கும். காரணம், கையிருப்பு என்பது பெரும்பாலும் வெளிநாட்டு அரசுப் பத்திரங்கள், ரிசர்வ் வங்கி டாலர் கொடுத்து அவற்றை வாங்குகிறது, அதனால் தங்கம் வாங்கியது போலவே இதுவும் பற்று.

இப்படிப் படித்தால் அடுத்து நடந்ததும் புரியும். 2013 மே மாதம் அமெரிக்க மத்திய வங்கி பத்திரக் கொள்முதலைக் குறைக்கலாம் என்று சொன்னதும், பள்ளத்தை நிரப்பிய அதே பணம் வெளியேறத் தொடங்கியது, ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. அரசு தங்கத்தின் இறக்குமதி வரியை 10 சதவீதமாக்கியது நடப்புக் கணக்கைப் பிடிக்க. ரிசர்வ் வங்கி வெளிநாடுவாழ் இந்தியர்களின் டாலர் டெபாசிட்டுகளுக்குச் சலுகை கொடுத்துச் சுமார் 2,600 கோடி டாலரைத் திரட்டியது மூலதனக் கணக்கைப் பிடிக்க. எந்த மருந்து எந்தக் கணக்குக்கு என்று பிரித்து எழுதினாலே தேர்வில் விடை தனியாகத் தெரியும்.

அப்புறம் ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேட்டில் 1990-91ஐ எடுத்து இதே தாளில் போட்டுப் பாருங்கள், வளைகுடாப் போரால் எண்ணெய் விலை ஏறிய ஆண்டு அது. கையிருப்பு வரிசையில் இந்த முறை கூட்டல் குறி இருக்கும்.