புதுக் கணினி நிலையில்லாமல் ஓடுகிறதா? ரேமிலிருந்து தொடங்குங்கள்

சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்தும் தங்கை மகனுக்காக, ஏற்காட்டில் என் வீட்டு மேசையில் வைத்து ஒரு கணினியை அசெம்பிள் செய்தேன். இரவு முழுவதும் ரேமுக்கான, அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்துக்கான சோதனை ஓடியது. ஒரு பிழைகூட வரவில்லை. மறுநாள் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கீழே கொண்டுவந்து சுவிட்சைப் போட்டால், திரை இருட்டாகவே இருந்தது. அதைச் சரிசெய்து கொடுத்த மூன்றாம் நாள் மதியம் அவனிடமிருந்து ஃபோன்: "மாமா, நேற்று வரைந்த டிசைன் இன்று திறக்க மாட்டேன் என்கிறது."

கணினி தானாக நின்றுபோவதைவிட எனக்கு அச்சம் தருவது இதுதான். கெட்டுப்போன ரேம் எல்லா நேரமும் நீலத் திரையைக் காட்டி எச்சரிக்காது. ஒரே ஒரு பிட்டை (0 அல்லது 1 என்ற மிகச் சிறிய தரவை) மாற்றி எழுதிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். பிழையுள்ள அந்தக் கோப்பு வட்டில் போய்ப் பத்திரமாகச் சேமிக்கப்பட்டுவிடும்.

தொடங்கும் முன் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, அதையும் அதன் விளைவையும் எழுதுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

முதல் படி: ரேமைக் கழற்றி மாட்டுதல்

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். கேபினட்டின் வண்ணம் பூசாத உலோகத்தைத் தொட்டுவிட்டு ரேமைக் கழற்றுங்கள். மறுபடி மாட்டும்போது, நடுவிலுள்ள வெட்டு சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்து, இரு முனைகளையும் 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். சில மதர்போர்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே கொக்கி இருக்கும். அங்கே மறுமுனை பாதியில் நிற்பது கண்ணுக்குத் தெரியாது. மலைப்பாதைக் குலுக்கலில் எங்கள் ரேம் கழன்றதும் அந்த முனையில்தான்.

நான்கு ஸ்லாட் இருந்து இரண்டு ரேம் மட்டும் போடுவதாக இருந்தால், பெரும்பாலான மதர்போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளே சரி. அருகருகே போட்டால், இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் தரவு அனுப்பும் இரட்டைத் தடம் கிடைக்காமல் போகலாம். கையேட்டில் படம் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: எந்த அமைப்பும் மாற்றாமல் சோதித்தல்

பயாஸுக்குள் (மதர்போர்டின் அமைப்புகளை மாற்றும் திரைக்குள்) போய் எல்லாவற்றையும் இயல்பு நிலைக்குத் திருப்புங்கள். திரையே வரவில்லை என்றால், மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு மதர்போர்டிலுள்ள வட்ட பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்து மாட்டினால் பழைய அமைப்புகள் அழிந்துவிடும். டிடிஆர்4க்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5 ரேம் போட்டவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முதல் முறை சுவிட்சைப் போடும்போது கணினி ரேமுக்கு ஏற்பத் தன்னைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள்கூட எடுக்கலாம். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். பதற்றத்தில் நடுவே அணைத்துவிடாதீர்கள்.

பிறகு மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச நிரலை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். குறைந்தது நான்கு சுற்று ஓடட்டும். 'ஒன்றிரண்டு பிழைதானே' என்று விட்டுவிடக் கூடாது. ஒரு பிழையும் இருக்கக் கூடாது. இயல்பு வேகத்திலேயே பிழை வந்தால், ஒவ்வொரு ரேமையும் தனித்தனியாக ஒரே ஸ்லாட்டில் போட்டும், பிறகு மற்ற ஸ்லாட்டில் போட்டும் சோதியுங்கள். ஒன்று மட்டும் பிழை காட்டினால் குறை அந்த ரேமில். இரண்டும் குறிப்பிட்ட ஒரு ஸ்லாட்டில் மட்டும் தவறினால், ஸ்லாட்டையோ பிராசசர் பொருந்தியிருக்கும் விதத்தையோ சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாம் படி: எக்ஸ்எம்பி

ரேம் வந்த அட்டைப்பெட்டியில் வேகம் 3600 என்று அச்சிட்டிருந்தாலும், கணினி முதலில் ரேமைக் குறைந்த வேகத்திலேயே ஓட்டும். டிடிஆர்4 ரேமின் பொது விதிமுறை வேகங்கள் 3200 வரைதான், மின்னழுத்தம் 1.2 வோல்ட். அதற்கு மேலான வேகத்தை, பெரும்பாலும் 1.35 வோல்ட்டில், ஒரே சொடுக்கில் இயக்கும் வசதிதான் இன்டெல் 2007இல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி. அதேபோல ஏஎம்டி 2022இல் டிடிஆர்5க்காகக் கொண்டுவந்தது எக்ஸ்போ. அட்டையில் உள்ள வேகம் ரேமுக்குத் தரப்பட்ட வாக்கு. உங்கள் பிராசசர் அந்த வாக்கைத் தரவில்லை. எடுத்துக்காட்டாக, ரைசன் 5 5600க்கு அதிகாரபூர்வ உச்சம் 3200தான். 3600 ஓடினால் நல்லது. ஓடாவிட்டால் யாரும் ஏமாற்றியதாக ஆகாது.

சில கருவிகள் 3200க்குப் பதிலாக 1600 என்று காட்டும். ஒரு துடிப்புக்கு இரு முறை தரவு போவதால் வரும் வேறுபாடு அது, கவலை வேண்டாம்.

எக்ஸ்எம்பியை இயக்கியபின் சோதனையை முதலிலிருந்து ஓட்டுங்கள். பிழை வந்தால், வேகத்தை மட்டும் ஒரு படி இறக்குங்கள்: 3600இலிருந்து 3400, பிறகு 3200. அடுத்து, ரேமுக்குக் கட்டளை அனுப்ப எத்தனை துடிப்பு என்பதைக் குறிக்கும் கமாண்ட் ரேட் 1டி என்றிருந்தால் 2டி ஆக்கிப் பாருங்கள். புதிய பயாஸ் பதிப்பு சில நேரம் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும். ஆனால் அதை யுபிஎஸ் இல்லாமல் தொடவே தொடாதீர்கள், நடுவில் கரண்ட் போனால் மதர்போர்டே போய்விடலாம். மின்னழுத்தத்தைக் கையால் ஏற்றுவதை, தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்காம் படி: வெயிலில் சோதித்தல்

ஏற்காட்டில் தேறிய ரேம் சேலத்தில் ஏன் தவறியது? ரேம் ஒவ்வொரு பிட்டையும் நுண்ணிய மின்தேக்கியில் ஒரு துளி மின்னூட்டமாக வைத்திருக்கிறது. அது கசிந்துகொண்டே இருப்பதால், வழக்கமாக 64 மில்லி நொடிக்குள் ஒருமுறை புதுப்பிக்கப்படும். சூடு கூடினால் கசிவும் கூடும். 85 டிகிரியைத் தாண்டினால் புதுப்பிக்கும் வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டும் என்பது விதி. விளிம்பு வேகத்தில் ஓடும் ரேம் அதற்கு வெகுமுன்பே தடுமாறலாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், குளிர்ந்த இரவில் நான் செய்த சோதனை, சித்திரை மதியத்துச் சேலத்துக்குச் செல்லாது.

ஆகவே கணினி எங்கே உழைக்கப்போகிறதோ அங்கேயே, மதியம் இரண்டு மணிக்கு, கேபினட்டை மூடி வைத்துச் சோதியுங்கள். மூடியைத் திறந்து மின்விசிறிக்கு அடியில் வைத்துச் செய்த சோதனையை நம்பாதீர்கள். காற்று உள்ளே போகும் வழியையும் பாருங்கள். தறிக்கூடம் பக்கத்தில் இருந்தால், பஞ்சு ஒரே மாதத்தில் வலையை அடைத்துவிடும்.

எங்கள் ரேம் 3600இல் மதியம் மூன்றாவது சுற்றில் பிழை காட்டியது. 3200க்கு இறக்கியதும் நின்றது. பட்டறை வேலையில் அந்த வேக வேறுபாட்டை அவனால் உணரவே முடியவில்லை.

பலர் தவறவிடும் ஒன்று

ரேம் கெட்டிருந்த நேரத்தில் விண்டோஸ் நிறுவியிருந்தால், அந்த நிறுவலிலும் பிழை புகுந்திருக்கக் கூடும். ரேமைச் சரிசெய்த பிறகும் கணினி தடுமாறினால், மீண்டும் நிறுவிவிடுங்கள். அந்த இடைவெளியில் சேமித்த கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். அவனுடைய டிசைன்களில் இரண்டு திறக்கவில்லை. பென்டிரைவில் முன்பே எடுத்து வைத்திருந்த நகல் காப்பாற்றியது.

ரேமையே மாற்ற வேண்டியிருந்தால், சிவப்பு வரிகள் தெரியும் சோதனைத் திரையைப் படம் எடுத்து, நோட்டையும் பில்லையும் சேர்த்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். இரண்டும் ஒரே பெட்டியில் இணையாக வந்தவை என்றால், இணையாகவே மாற்றித் தரச் சொல்லுங்கள்.