டெர்பி காருக்கு எஞ்சின் தயார் செய்வது: தண்ணீர் போன பிறகும் ஓட வேண்டும்

அமெரிக்காவின் இந்தியானாவில் கோடை வந்தால், கவுண்டி ஃபேர் என்கிற மாவட்டத் திருவிழாக்கள் பலவற்றில் ஒரு மாலையை டெமோலிஷன் டெர்பிக்கு ஒதுக்கிவிடுவார்கள். சேற்றுக் களத்துக்குள் பழைய கார்களை விட்டு இடிக்கவிடுவார்கள். கடைசிவரை எந்த வண்டி ஓடிக்கொண்டிருக்கிறதோ அதற்குப் பரிசு. நான் கோயம்புத்தூரில் ரீபோரிங் (எஞ்சின் சிலிண்டரைக் கடைந்து சீராக்கும்) பட்டறையில் தொழில் கற்றவன். இங்கே வந்த பிறகும் எஞ்சின் வேலைதான். அதனால் முதல்முறை டெர்பியில் இறங்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் வருவார்கள். வந்ததும், "அண்ணே, குதிரை சக்தியை எப்படி ஏத்துறது?" என்பார்கள். அது வேண்டாம் தம்பி. இது முப்பது அடி ஓடி இடிக்கிற ஆட்டம், பாதி நேரம் ரிவர்ஸில்தான் ஓட்டப்போகிறாய். பழைய வி8 எஞ்சினில் கம்பெனி கொடுத்த சக்தியே போதும், மிச்சமும் ஆகும்.

ரேடியேட்டர் எப்படியும் உடையும். அதற்குப் பிறகு சில நிமிடம் தண்ணீரே இல்லாமல் எஞ்சின் ஓட வேண்டும். செய்கிற வேலை எல்லாம் அந்தச் சில நிமிடத்துக்காகத்தான். இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன்: களத்தில் நின்றுபோன கார்களை வெளியே இழுத்து வந்து பார்த்தால், பலவற்றில் கிராங்க் (பிஸ்டன்களால் சுழலும் முக்கியத் தண்டு), பிஸ்டன் எல்லாம் நன்றாகவே இருக்கும். கரண்ட் போயிருக்கும், பெட்ரோல் ஏறாது, அல்லது செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) எடுக்காது. பணத்தையும் நேரத்தையும் அங்கே போடுங்கள்.

எந்த எஞ்சின் என்று கேட்டால், ஷெவ்ரலே ஸ்மால் பிளாக் 350 (350 கன அங்குல வி8). பிளாக் (சிலிண்டர்கள் உள்ள உடல்), ஹெட் (அதன் மேல்மூடி) இரண்டும் வார்ப்பிரும்பாக உள்ள பழையது. சூட்டைத் தாங்கும், உதிரிபாகம் மலிவு, பழைய கார் யார்டுகளில் தேடினால் கிடைக்கும். இன்றைக்குக் களத்தில் அதிகம் வருகிற ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவின் 4.6 லிட்டர் எஞ்சினும் உழைப்பாளிதான். ஆனால் அதன் ஹெட் அலுமினியம், சூடேறினால் சீக்கிரம் வளையும். போதாக்குறைக்கு கம்ப்யூட்டரும் வயரிங்கும் உயிரோடு இருக்க வேண்டும். எஞ்சின் மாற்றக்கூடாது என்கிற வகுப்பில் ஓடினால் வேறு வழியில்லை. மாற்றலாம் என்றால் என் கை 350-க்குத்தான் போகும். வாங்குவதற்கு முன் அந்த ஃபேரின் விதித்தாளை வாங்கிப் படியுங்கள். ஊருக்கு ஊர் விதி மாறும். கீழே சொல்வதில் சிலவற்றை உங்கள் ஊரில் அனுமதிக்காமலும் இருக்கலாம்.

பழைய எஞ்சின் கிடைத்ததும் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பாருங்கள். எட்டு பிளக்கையும் கழற்றி, கார்புரேட்டர் த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்துச் சுற்ற வேண்டும். எந்த சிலிண்டரும் 100 பிஎஸ்ஐ-க்குக் கீழே போகக்கூடாது. அதிகமாகக் காட்டும் சிலிண்டரில் முக்கால் பங்காவது குறைந்ததில் இருக்க வேண்டும். ஆயிலில் தண்ணீர் கலந்த பால் நிறம் இல்லை, அடியில் தட்டும் சத்தமும் இல்லை என்றால் முழுக்கப் பிரிக்காதீர்கள். உள்ளே நன்றாகப் படிந்து ஓடும் எஞ்சினைக் கலைத்து மறுபடி கூட்டுவது வீண் செலவு. முன்பக்க டைமிங் கவரையும் அடியில் ஆயில் சம்பையும் (ஆயில் தேங்கும் தொட்டி) மட்டும் கட்டாயம் கழற்ற வேண்டும்.

டைமிங் கவருக்குள் என்ன இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சத்தம் குறைய வேண்டும் என்று அந்தக் காலத்து எஞ்சின்கள் பலவற்றில் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) பல்சக்கரத்தை அலுமினியத்தில் செய்து, பல்லுக்கு மேல் நைலான் பூசியிருப்பார்கள். வருஷக்கணக்காகச் சூட்டில் வெந்து அது பழுப்பேறி மொறுமொறுவென்று ஆகியிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் லேசாக நெம்பினாலே சில்லு பெயரும். டெர்பி சூட்டில் இது உடைந்தால் இரண்டு கேடு: செயின் பல் தாண்டி டைமிங் (வால்வு திறக்கும் நேரம்) போகும், உதிர்ந்த துணுக்குகள் சம்பில் விழுந்து ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயின் சல்லடையை அடைக்கும். முழு இரும்பில் இரட்டை ரோலர் செயின் செட் வாங்கிப் போடுங்கள். பூட்டும்போது கிராங்க் சக்கரத்துப் புள்ளி மேலேயும் கேம் சக்கரத்துப் புள்ளி கீழேயும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். அந்த நிலையில் 350-இல் ஆறாவது சிலிண்டர்தான் ஃபயரிங்கில் இருக்கும். ஒன்றாவது என்று நினைத்து டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுப்பது) இறக்கினால் கார்புரேட்டர் வழியாகத் தீ துப்பும். கிராங்கை ஒரு சுற்று சுற்றிவிட்டு இறக்குங்கள். ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2.

சம்பைக் கழற்றினால் ஆயில் பம்பின் பிக்கப் குழாய் தெரியும். அது பம்புக்குள் வெறும் இறுக்கத்தில் அடித்துச் செருகியது. இடி வாங்கி வாங்கி அது கழன்றால் ஆயில் பிரஷர் நொடியில் பூஜ்யம். ஒரு சொட்டு வெல்டிங் வைத்துவிடுங்கள். வெல்டிங்குக்கு முன் பம்பின் ரிலீஃப் ஸ்ப்ரிங்கை (பிரஷர் மிஞ்சாமல் காக்கும் ஸ்ப்ரிங்) வெளியே எடுக்க வேண்டும், சூட்டில் அது தளர்ந்துவிடும். பிக்கப்புக்கும் சம்பின் அடித்தட்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர் வேண்டும். களிமண் உருண்டை வைத்து சம்பை மாட்டிக் கழற்றினால் அளவு தெரிந்துவிடும். பம்பைச் சுற்றும் தண்டில் கம்பெனி பிளாஸ்டிக் கழுத்து போட்டிருக்கும். இரும்புக் கழுத்து உள்ள தண்டாக மாற்றுங்கள், விலை சொற்பம். ஆயில் 20டபிள்யூ-50. கேம்மீது உரசி ஓடும் தட்டை டேப்பெட் என்பதால் ஸிங்க் அதிகமுள்ள ஆயிலாகப் பாருங்கள்.

முழுக்கப் பிரிக்கத்தான் வேண்டும் என்றால், எல்லா இடைவெளியையும் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். பிஸ்டன் ரிங் முனை இடைவெளிக்குப் பொதுவான கணக்கு, போர் (சிலிண்டர் விட்டம்) ஒரு அங்குலத்துக்கு அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு. நான்கு அங்குலப் போருக்கு 0.016 அங்குலம் வரும். நான் டெர்பிக்கு 0.022-லிருந்து 0.024 வரை விடுவேன். தண்ணீர் போய் ரிங் விரியும்போது முனைகள் முட்டினால் சுவரைக் கிழித்துக்கொண்டு எஞ்சின் சீஸ் ஆகும். பேரிங்குக்கு 0.0025 முதல் 0.003 அங்குலம். கம்ப்ரஷன் விகிதம் எட்டரைக்கு மேல் போகவே வேண்டாம். ஹெட் போல்ட்டுகளின் மரை தண்ணீர் அறைக்குள் இறங்குகிறது, அதனால் சீலன்ட் தடவி, நடுவிலிருந்து வெளியே நோக்கி, மூன்று தவணையில் 65 அடி-பவுண்டுக்கு முடுக்குங்கள்.

அடுத்தது கரண்ட். 350-இன் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பின்பக்கம், ஃபயர்வாலை ஒட்டி நிற்கிறது. எஞ்சின் ரப்பர் மவுன்ட் கிழிந்து இரண்டு அங்குலம் பின்னால் போனால் மூடி நொறுங்கும், ஆட்டம் முடிந்தது. விதி விட்டால் இரும்பு மவுன்ட் போடுங்கள், சங்கிலியும் கட்டுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பின்னால் ஃபயர்வால் தகட்டை நன்றாக உள்ளே அடித்து இடம் விடுங்கள். எழுபதுகளின் நடுவில் வந்த ஹெச்இஐ (எலக்ட்ரானிக் இக்னிஷன்) டிஸ்ட்ரிபியூட்டர் கிடைத்தால் விடாதீர்கள். தனி காயில் கிடையாது, 12 வோல்ட் ஒரே ஒரு வயரில் வந்தால் போதும். பழைய வயரிங்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு பேட்டரி, டாகிள் ஸ்விட்ச், டிஸ்ட்ரிபியூட்டர் என்று தடித்த வயரில் நேராக இழுங்கள். உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் மாட்யூலுக்கு அடியில் அதற்கான சிலிக்கான் கிரீஸ் தடவ மறக்காதீர்கள், இல்லையென்றால் சூட்டில் அதுதான் முதலில் சாகும். இக்னிஷன் டைமிங்கின் மொத்த அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சிக்கு வருமுன் தீப்பொறி விழும் அளவு) 34 டிகிரியைத் தாண்டக்கூடாது.

பெட்ரோல் டேங்க் பின்னால் இருப்பதைக் கழற்றிவிட்டு, டிரைவருக்குப் பின்னால் சிறிய படகு டேங்கை இரும்புப் பட்டையால் கட்டச் சொல்வார்கள். பம்ப் எலக்ட்ரிக், அதற்குத் தனி ஸ்விட்ச், கை எட்டும் தூரத்தில். தீ பிடித்தால் வெளியிலிருந்து ஓடி வருகிறவருக்கும் அது தெரிய வேண்டும் என்பதால் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். கார்புரேட்டர் டூ-பேரல் (இரண்டு காற்றுத் துளை உள்ளது) போதும். அதற்கு அடியில் தடித்த ஸ்பேசர் (இடைத்தட்டு) வைத்தால் பெட்ரோல் கொதிப்பது குறையும். ஆக்ஸிலரேட்டருக்கு இரண்டு ரிட்டர்ன் ஸ்ப்ரிங். கம்பி இணைப்பு வேண்டாம், கொஞ்சம் தளர்வு விட்ட கேபிள் போடுங்கள், எஞ்சின் நகர்ந்தால் த்ராட்டில் தானாக இழுத்துக்கொள்ளாது.

கூலன்ட் வேண்டாம், வெறும் தண்ணீர். பல ஃபேர்களில் விதியே அதுதான். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிடுங்கள். வாட்டர் பம்பைத் தவிர பெல்ட்டில் வேறு எதுவும் வேண்டாம். இரும்பு விசிறியையும் கழற்றுங்கள், முன்பக்கம் நசுங்கும்போது ரேடியேட்டரை அறுப்பதே அதுதான்.

செல்ஃப் மோட்டார் எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. வெந்துபோன சாலினாய்டு (செல்ஃபுக்குக் கரண்ட் விடும் காந்த ஸ்விட்ச்) "டக்" என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். கியர் ரிடக்ஷன் வகைச் சிறிய செல்ஃப் வாங்குங்கள். ஃபோர்டு மாதிரி தனி சாலினாய்டை சூடு படாத இடத்தில் மாட்டுங்கள். எக்ஸாஸ்டை பானெட் வழியாக மேலே திருப்பினால் செல்ஃபுக்கும் சூடு குறையும். பிறகு வீட்டு வாசலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: எஞ்சினை நன்றாகச் சூடேற்றி அணையுங்கள். பத்து நிமிடம் பானெட்டை மூடி வையுங்கள், வெளிக்காற்று இல்லாததால் உள்ளே இன்னும் வேகும். அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சுற்றிலேயே பிடிக்க வேண்டும். இழுத்து இழுத்துப் பிடித்தால் கேபிளையும் எர்த் வயரையும் தடித்ததாக மாற்றி மறுபடி பாருங்கள். இதில் தேறாத வண்டியை நான் டிரெய்லரில் ஏற்ற விடமாட்டேன்.

களத்தில் தண்ணீர் ஆவியாகப் போகத் தொடங்கியதும் பயந்து எஞ்சினை அணைக்காதீர்கள். அணைத்த சூட்டு எஞ்சின் மறுபடி எழும்புவது சந்தேகம். ஆனால் சும்மா உறுமவும் வேண்டாம், இடிக்கப் போகும்போது மட்டும் மிதியுங்கள். தீ என்றால் மட்டும் பேச்சே இல்லை: பம்ப், இக்னிஷன் இரண்டையும் அணைத்துவிட்டு இறங்கிவிட வேண்டும்.

முடிந்த பிறகு எஞ்சினை எடுத்து அடுத்த காரில் போடலாம். ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்பை விரித்து வெயிலில் பாருங்கள். செம்பு நிறத்தில் மின்னினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. வெள்ளி நிறத்தில் காந்தத்தில் ஒட்டாத துணுக்கு இருந்தால் பெரும்பாலும் பிஸ்டன் அல்லது பேரிங். கறுப்பு மட்டும்தான் என்றால் கம்ப்ரஷனை மறுபடி பார்த்துவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பூன் ஆயில் ஊற்றி, கையால் நாலு சுற்று சுற்றி, பிளக்கை மாட்டி மூடி வையுங்கள்.