புதிய பா வடிவம் அமைக்கும்போது சறுக்கும் இடங்கள்

சொந்தமாக ஒரு பா வடிவம் அமைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எண்ணில்தான் தொடங்குகிறார்கள். ஐந்து வரி, வரிக்கு ஏழு எழுத்து, இரண்டு வரிக்கு ஓர் எதுகை. எண் அமைந்ததும் வடிவம் பிறந்துவிட்டது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அந்த விதி கவிதைக்கு என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. உதாரணமாக, வெண்பாவில் நான்கு சீராக (சீர் என்பது அடியின் ஒரு துண்டு) நடந்துவந்த அடி, கடைசியில் மூன்று சீரோடு நிற்கும். அந்தக் கடைசிச் சீரும் நாள், மலர், காசு, பிறப்பு என்ற குறுகிய வாய்பாடுகளில் (ஓசை அளவைக் காட்டும் மாதிரிச் சொற்களில்) ஒன்றாகத்தான் இருக்கும். சொல்ல வந்தது நறுக்கென்று முடிவது அதனால்தான்.

அடுத்தது, எதை எண்ணுகிறோம் என்று சொல்லாமல் விடுவது. இதுதான் அதிகம் குழப்புகிறது. ‘கடல்’ என்ற சொல்லில் எழுத்து மூன்று. மெய்யை நீக்கினால் இரண்டு. அசையாக, அதாவது சீரை ஆக்கும் ஒலித்துண்டாகப் பார்த்தால், இரண்டு எழுத்து இணைந்த நிரையசை ஒன்றே; தனி எழுத்தில் நிற்பது நேரசை (மெய்யை எண்ணாமல்). மாத்திரைக் கணக்கில், அதாவது ஒலிக்கும் நேர அளவில், இரண்டரை. ‘வரிக்கு ஏழு’ என்று மட்டும் எழுதி வைத்தால் ஆளுக்கொரு வடிவம் எழுதுவார்கள். கட்டளைக் கலித்துறை என்ற மரபுச் செய்யுள் வடிவத்தின் இலக்கணம் இங்கே நல்ல பாடம்: நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17, மெய்யைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஹைக்கூவின் 5-7-5 கூட ஜப்பானிய ஒலியலகுகளின் கணக்கு. அங்கே நெடில் இரண்டாக எண்ணப்படும். அதை அப்படியே தமிழ் எழுத்துக் கணக்காக மாற்றினால் வேறொரு வடிவம்தான் கிடைக்கும். அது தவறில்லை, ஆனால் தெரிந்தே செய்ய வேண்டும்.

காதுக்கு எட்டாத விதியும் வேண்டாம். மூன்றாம் வரியின் ஐந்தாம் எழுத்து வல்லினமாக இருக்க வேண்டும் என்றால், வாசிக்கும்போது அது யாருக்குக் கேட்கும்?

திரும்ப வரும் வரி வைக்க ஆசைப்படுபவர்கள் வில்லனெல் என்ற ஐரோப்பியக் கவிதை வடிவத்தைக் கூர்ந்து பார்க்கலாம். அதன் 19 வரிகளில் இரண்டு வரிகள் தலா நான்கு முறை வரும். ஒவ்வொரு முறையும் முன்வரிகள் மாறுவதால் அதே வரியின் பொருளும் கொஞ்சம் நகர்கிறது. உங்கள் வடிவத்தில் அந்த நகர்வுக்குப் போதிய இடைவெளி இல்லையென்றால், திரும்பும் வரி வெறும் பல்லவியாகத் தேங்கிவிடும்.

அப்புறம், ஒரே ஒரு கவிதை எழுதிவிட்டுப் பெயர் சூட்டும் அவசரம். அந்த விதிகள் அந்த ஒரு கவிதைக்கு மட்டுமே தைத்த சட்டையாக இருக்கக்கூடும். துயரம், கேலி, வர்ணனை என்று வெவ்வேறு பொருளில் எழுதிப் பாருங்கள். பிறகு விதிகளை மட்டும் இன்னொருவரிடம் கொடுங்கள், உங்கள் கவிதையைக் காட்டாமல். அவர் எங்கே நின்று சந்தேகம் கேட்கிறாரோ, அந்த விதியைத்தான் திருத்தி எழுத வேண்டும்.