உதடு மரத்தது, பல் மரக்கவில்லை

கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சை. இரண்டு முறை பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன். ஊசி போட்டால் உதடும் பாதி நாக்கும் கட்டையாகிவிடும்; டிரில் பல்லைத் தொட்டதும் சுரீர் என்று இழுக்கும். அதே இடத்தில் இன்னொரு ஊசி போட்டும் பயனில்லை. மூச்சுப் பயிற்சியும் செய்து பார்த்தேன், ம்ஹூம். ஊசி போட்ட ஒரு நிமிடத்தில் நெஞ்சு வேறு படபடக்கும். பயம்தான் என்று நானே முடிவு செய்து மருத்துவரிடம் எதுவும் சொல்லவில்லை.

மூன்றாவது முறை வேறொரு மருத்துவரிடம் இதைச் சொன்னேன். மரப்பு மருந்தோடு கலந்திருக்கும் அட்ரினலின்தான் அந்தப் படபடப்புக்குக் காரணமாம். சில நிமிடங்களில் அடங்கிவிடும் என்றார். அடங்கியது. பல்லின் உள்ளே நரம்பு வீங்கியிருந்தால் உதடு மரத்தாலும் பல் மரக்காமல் போகலாமாம்.

அவர் டிரில்லை எடுக்கும் முன் குளிர்ந்த பஞ்சைப் பல்லில் வைத்துப் பார்த்தார். கூசியது. சரி என்று பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே துளி மருந்தை மெதுவாக இறக்கினார். மறுபடி பஞ்சு வைத்தார், ஒன்றும் தெரியவில்லை. அப்புறம்தான் வேலையைத் தொடங்கினார். வலித்தால் இடது கையைத் தூக்கச் சொல்லியிருந்தார், ஒரு முறைகூடத் தூக்கவில்லை.