636701 பகா எண் அல்ல

தருமபுரியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். போன வாரம் எங்கள் ஊர் பின்கோடு 636701-ஐப் பலகையில் எழுதி, காரணிகளைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். ஐந்தே நிமிடத்தில் ஒரு பெண் எழுந்து, "சார், இது பகா எண்" என்றாள். நோட்டை வாங்கிப் பார்த்தேன். 2, 3, 5, 7, 11 என ஐந்தாலும் வகுத்திருக்கிறாள், ஐந்திலும் மீதி. வகுத்தலில் ஒரு பிழை கிடையாது. பதினொன்றுக்குக் கீழே கோடு போட்டு முடித்துவிட்டாள்.

கடைசி இலக்கம், இலக்கக் கூடுதல் இவற்றை வைத்து வகுபடுமா என்று பார்ப்பதில் வரும் சறுக்கல்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நாலு கணக்கு போட்டால் தானே சரியாகிவிடும்.

பாதி வழியில் நிறுத்துவது

இது அப்படிச் சரியாவதில்லை. எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. பள்ளி நாளில் ஒரு போட்டியில் 1147 பகா எண்ணா என்று கேட்டார்கள். 29 வரை வகுத்தேன், எதிலும் போகவில்லை, பகா எண் என்று எழுதிவிட்டேன். 1147 = 31 × 37. இன்னும் ஒரே ஒரு வகுத்தல் பாக்கி இருந்தது.

எங்கே நிறுத்துவது? வர்க்கமூலத்தில். இரண்டு காரணிகளுமே வர்க்கமூலத்தை மிஞ்சினால் அவற்றின் பெருக்கல் எண்ணையே மிஞ்சிவிடும். அதனால் பகு எண் என்றால் அதற்குள் ஒரு பகாக் காரணி சிக்கியே தீரும். 1147-க்கு வர்க்கமூலம் 33-ஐத் தாண்டும், ஆகவே 31-ஐத் தொட்டிருக்க வேண்டும். 636701-க்கு 797 வரை போக வேண்டும். பதினொன்றில் நின்றால் எப்படி?

அந்தப் பெண் அடுத்த பகா எண்ணை எடுத்திருந்தாலே போதும். மும்மூன்று இலக்கமாகப் பிரித்துக் கழித்துப் பாருங்கள்: 701 − 636 = 65. இது 13-ஆல் வகுபடும், 7-ஆலும் 11-ஆலும் வகுபடாது. 636701 = 636 × 1001 + 65, 1001 = 7 × 11 × 13 என்பதால், ஒரே கழித்தலில் மூன்று சோதனையும் முடிந்துவிடுகிறது. 13-ஆல் வகுத்தால் 48977, அதை 17-ஆல் வகுத்தால் 2881, அது 43 × 67. ஆக, 636701 = 13 × 17 × 43 × 67.

எல்லையைச் சுருக்காமல் விடுவது

கிருஷ்ணகிரி பின்கோடு 635001. 3, 17 இரண்டையும் எடுத்தபின் 12451 நிற்கும். ஒரு தம்பி அதன் பிறகும் பழைய எல்லையான 796-ஐ நோக்கியே வகுத்துக்கொண்டு போனான். கையில் இருப்பது 12451 என்றால் அதன் வர்க்கமூலம்தான் எல்லை. 109 வரை பார்த்தால் போதும். எதிலும் போகாது, 12451 பகா எண்.

காரணிகளின் எண்ணிக்கை

பகாக் காரணிகளின் ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள். 636701-இல் நான்கு பகாக் காரணிகளுக்கும் அடுக்கு 1; 2 × 2 × 2 × 2, ஆகக் காரணிகள் பதினாறு, நான்கு அல்ல.

மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி) காண இரண்டு எண்களையும் உடைப்பது

தேவையே இல்லை. 636701 − 635001 = 1700. இரண்டுக்கும் பொதுவான எந்த வகுத்தியும் 1700-ஐயும் வகுத்தாக வேண்டும். 1700-இன் பகாக் காரணிகள் 2, 5, 17. இரண்டு எண்களும் 1-இல் முடிவதால் 2-ம் 5-ம் அடிபட்டுப் போகும். 17 இரண்டையும் வகுக்கிறது; 17 × 17 = 289 என்பது 1700-ஐ வகுப்பதில்லை. மீ.பொ.வ. 17.

மறுநாள் பலகைக்கு வந்து இதைப் போட்டுக் காட்டியது அதே பெண்தான்.